சோவியத் கீதம்: பழைய பதிவுகளில் எது தேறும்?

சோவியத் ஒன்றியத்தின் தேசிய கீதத்தை இணையத்தில் தேடினால் வந்து குவியும். 'அசல் 1944', 'செம்படைக் குழு', 'மேம்படுத்தப்பட்ட ஸ்டீரியோ' என்று விதவிதமான தலைப்புகள். தலைப்பை நம்பி எதையும் இறக்கிக்கொள்ள வேண்டாம். பல கோப்புகளில் ஆண்டு தவறு, சிலவற்றில் பாடும் குழுவே வேறு. ஆண்டும் குழுவும் சரியாக இருப்பவற்றிலும், இசைத்தட்டிலிருந்து கணினிக்கு மாற்றியவர் கைபட்டுக் கெட்டவை நிறைய. 'பழைய பதிவு, அப்படித்தான் இருக்கும்' என்று நாம் பொறுத்துக்கொள்ளும் குறைகளில் பெரும்பகுதி பழமையால் வந்ததே அல்ல.

முதலில் ஆண்டு. 1943 வரை அங்கே தேசிய கீதமாக இருந்தது தொழிலாளர் இயக்கப் பாடலான சர்வதேசிய கீதம் (இன்டர்நேஷனல்). அலெக்சாந்தர் அலெக்சாந்திரோவ் இசையமைத்து, செர்கேய் மிகல்கோவும் எல்-ரெகிஸ்தானும் சொல் எழுதிய புதிய கீதம் 1944 ஜனவரி 1 பிறந்த இரவில் வானொலியில் ஒலித்தது. மார்ச் 15 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. ஸ்டாலின் மறைவுக்குப் பிறகு, 1950களின் நடுவிலிருந்து, சொற்களை விட்டுவிட்டு இசையை மட்டும் வாசித்தார்கள். 1977இல் மிகல்கோவே சொற்களைத் திருத்திக் கொடுத்தார். செப்டம்பர் 1 முதல் அது வழக்கத்துக்கு வந்தது. 2000இன் கடைசியில் அதே மெட்டு வேறு சொற்களோடு ரஷ்யாவின் கீதமானது. ஆக, மெட்டு ஒன்று, காலகட்டம் நான்கு.

ரஷ்ய மொழி தெரியாதவர்களும் காலகட்டத்தைக் காதாலேயே பிரிக்கலாம். 1944க்கும் 1977க்கும் முதல் சரணம் ஒன்றே, அதனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பல்லவி வரை பொறுங்கள். 'ஸ்லாவ்ஸ்யா' என்று தொடங்கும் பல்லவியின் பின்பாதி 'ஸ்னாம்யா சவேத்ஸ்கயே' என்று போனால் 1944 சொற்கள். 'பார்த்தியா லேனினா' என்று வந்தால் 1977. இரண்டாம் சரணத்தில் லெனின் பெயர் இரண்டிலும் உண்டு. அடுத்த வரியில் ஸ்தாலின் பெயர் வருவது பழையதில் மட்டுமே. இன்னொரு அடையாளமும் இருக்கிறது: 1944இல் பல்லவியின் இரண்டாம் வரி சரணத்துக்குச் சரணம் ஒரு சொல் மாறும், 1977இல் மூன்று முறையும் மாறாது. எடுத்த எடுப்பிலேயே 'ரஸ்ஸீயா' என்று தொடங்கினால் அது சோவியத் பதிவே அல்ல, உறையில் அரிவாள் சுத்தியல் படம் போட்டிருந்தாலும்.

அடுத்தது குழு. 'செம்படைக் குழு' என்ற பெயரை எல்லாவற்றுக்கும் ஒட்டிவிடுகிறார்கள். அந்தப் பெயருக்குரிய அலெக்சாந்திரோவ் குழுவில் பாடுவோர் ஆண்கள். கூட பலலைக்கா, தோம்ரா, பயான் போன்ற நாட்டு வாத்தியங்கள் இருக்கும். பல்லவியின் உச்சத்தில் பெண் குரல்கள் மேல்ஸ்தாயியில் தெளிவாகக் கேட்டால், அது ஏதோ ஒரு நாடக அரங்கின் அல்லது வானொலியின் கலப்புக் குழு. அதில் குறை ஒன்றுமில்லை, சொல்லப்போனால் கலப்புக் குழுவில்தான் இந்த மெட்டின் மேல்வரி சரியாக விரிகிறது. ஆனால் ஒட்டியிருக்கும் பெயர் பொய். நடத்துநர் பெயரையும் கவனிக்க வேண்டும். இசையமைத்த அலெக்சாந்திரோவ் 1946 ஜூலையில் இறந்துவிட்டார். அதன்பின் குழுவை நடத்தியவர் மகன் போரிஸ். நடத்துநர் என்று தந்தையின் பெயரையும் 1977 சொற்களையும் ஒரே கோப்பில் பார்த்தால், பதிவேற்றியவர் கேட்காமலே பெயர் போட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

இனி 1944 இசைத்தட்டு. தேடுவோர் பெரும்பாலும் தேடுவது இதைத்தான், அதிகம் கெட்டுக் கிடப்பதும் இதுதான்.

இது நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் அரக்குத் தட்டு. பெயர்தான் அரக்கு, கலவையில் அரக்கு சிறு பங்கே, பெரும்பகுதி கல்தூள். ஆகவே அடியில் ஒரு தொடர் இரைச்சல் இருந்தே தீரும். ஆனால் 1944 என்பது மைக் வந்து ஏறத்தாழ இருபது ஆண்டு கழிந்த காலம். புனல் முன்னால் நின்று பாடி, மேல் ஒலி 2,500 ஹெர்ட்ஸோடு (நொடிக்கு அத்தனை அதிர்வு) நின்றுபோன காலம் 1925வாக்கில் முடிந்துவிட்டது. நல்ல நிலையில் உள்ள தட்டிலிருந்து 6,000 ஹெர்ட்ஸ் வரையாவது இசை வர வேண்டும், கீழே டபுள் பாஸின் கனமும் தெரிய வேண்டும். தொலைபேசியில் கேட்பதுபோல் மூக்கடைத்து ஒலித்தால் அதைத் தட்டின் வயதுமேல் போடாதீர்கள். மாற்றியவர் செய்த தவறு அது, அல்லது 'பழைய வாசனை' வரட்டும் என்று வேண்டுமென்றே வடிகட்டியிருக்கிறார்.

மாற்றும்போது நடக்கும் தவறுகளில் முதலாவது ஊசி. 78 தட்டின் வரிப்பள்ளம் அகலமானது. ஊசிமுனை ஏறத்தாழ 75 மைக்ரான் ஆரம் கொண்டதாக இருக்க வேண்டும். பிற்காலத்து எல்பி தட்டுக்கான (நிமிடத்துக்கு 33⅓ சுற்று) ஊசி 18 முதல் 25 மைக்ரான்தான். அதை வைத்து ஓட்டினால் முனை பள்ளத்தின் சுவர்களைத் தொடாமல் அடியில் கிடந்து உருளும். அங்கே இருப்பது எண்பது வருடத்துத் தூசும் தேய்ந்த துகளும். இசை மெலிந்து, இரைச்சல் தடித்துக் கேட்கும். தேய்ந்த தட்டுக்கு இன்னும் சற்றுப் பருமனான முனையை மாற்றிப் போட்டால் பழைய இரும்பு ஊசி உழாத உயரத்தில் சுவரைத் தொடும், சில சமயம் தட்டே புதிதாகிவிட்டதுபோல் இருக்கும். நல்ல மாற்றங்களில் எந்த முனை என்று குறித்திருப்பார்கள். குறிப்பே இல்லாத கோப்பு மோசம் என்று சொல்லிவிட முடியாது; குறிப்புள்ளது நல்லதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது ஒலிச் சமனாக்கம் (ஈக்வலைசேஷன்), அதாவது மேல் ஒலியையும் கீழ் ஒலியையும் எவ்வளவு ஏற்றி இறக்குவது என்பது. தட்டின் ஒலியைப் பெருக்கும் இன்றைய ஃபோனோ பெருக்கிகள், அமெரிக்க இசைப்பதிவுத் துறைச் சங்கத்தின் பெயரால் 1954இல் வந்த ஆர்ஐஏஏ வளைவின்படி இயங்குபவை. அந்த வளைவு 10,000 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 14 டெசிபல் குறைக்கும், ஏனென்றால் எல்பியை வெட்டும்போதே அவ்வளவு ஏற்றியிருப்பார்கள். பழைய 78இல் அப்படி ஏற்றவில்லை, ஏற்றியிருந்தாலும் இவ்வளவு இல்லை. அதே பெருக்கியில் ஓட்டினால் மேல் ஒலி முழுவதும் போர்வைக்குள் போய்விடும். பிறகு 'மந்தமாக இருக்கிறதே' என்று யாராவது டிரெபிளைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவார்கள், டிக் டிக் சத்தம் காதைக் குத்தும். வளைவு போடாமல் தட்டையாக எடுத்து, கணினியில் பொருத்தமான வளைவைப் பிறகு போடுவதே ஒழுங்கான முறை. ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐயாசாவின் வழிகாட்டி குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் கேட்கிறது. 96 விரும்பத்தக்கது என்கிறது. இசைக்கு அவ்வளவு தேவையா என்று கேட்கலாம். தேவைப்படுவது கீறலுக்கு: 'டிக்' சத்தம் இசையைத் தாண்டி மேலே வெகுதூரம் பரவியிருக்கும், அந்தப் பகுதியும் பதிவாகியிருந்தால்தான் மென்பொருள் கீறலையும் பித்தளை வாத்தியத்தின் எடுப்பையும் குழப்பிக்கொள்ளாமல் பிரிக்கும்.

மூன்று சரணமும் மூன்று பல்லவியும் சேர்ந்து ஏறத்தாழ மூன்றரை நிமிடம். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் அடங்குவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதாவது முழு கோரஸும் சிம்பலும் சேர்ந்து முழங்கும் கடைசிப் பல்லவி, தட்டின் உள்வட்டத்தில் போய் விழும். வெளிவிளிம்பில் ஊசிக்கடியில் பள்ளம் நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும்; உள்ளே வரும்போது 40 சென்டிமீட்டர்தான். நெருக்கமான வளைவுகளை ஊசி பின்தொடர முடியாமல் ஒலி கரகரக்கும். கடைசிப் பல்லவியில் லேசான கரகரப்பு இருந்தால் மன்னிக்கலாம், வடிவியலே அப்படி. முதல் பல்லவியிலேயே அதே கரகரப்பு என்றால் தட்டு பழைய கிராமபோனின் கனமான சவுண்ட்பாக்ஸில் (ஊசியைத் தாங்கும் தலை) ஓடி உழுதுபோயிருக்கிறது, அல்லது பதிவின் ஒலியளவைக் கூட்டி உச்சத்தை வெட்டிவிட்டார்கள். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் வெட்டியது தெரியும்: முனைகள் கத்தியால் சீவியதுபோல் தட்டையாக நிற்கும்.

வேகம்தான் பலர் கோட்டைவிடும் இடம். சுருதி ஒரு அரைச்சுரம் மாற ஏறத்தாழ 6 சதவீத வேக மாற்றம் போதும். நிமிடத்துக்கு 75 சுற்றில் வெட்டிய தட்டை 78இல் ஓட்டினால் 4 சதவீதம், அரைச்சுரத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஏறிவிடும். பாஸ் குரல்கள் (ஆண்களின் மிகத் தாழ்ந்த குரல்கள்) இளைத்துவிடும், கீதத்தின் நடை சற்றுப் பரபரக்கும். கீபோர்டில் வைத்துப் பாருங்கள்: கடைசி கார்டு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டு) இரண்டு கட்டைகளுக்கு நட்டநடுவில் விழுந்தால் வேகத்தைச் சந்தேகிக்கலாம்.

இன்னும் நம்பகமானது மின்சார ஹம், அதாவது மின்கருவிகள் எழுப்பும் ரீங்காரம். சோவியத் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆடாசிட்டி போன்ற மென்பொருளில், எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு ஒலி என்று காட்டும் அலைமாலைப் படத்தை எடுத்துக் கீழ்க்கோடியைப் பெரிதாக்கிப் பார்த்தால் சில பதிவுகளில் 50இலோ 100இலோ மெல்லிய கோடு ஓடும். அது 52இல் ஓடினால், பதிவு செய்தபோதே பள்ளத்தில் ஏறிய ஹம் அது, தட்டு 4 சதவீதம் வேகமாக ஓடியிருக்கிறது. சரியாக 50இலோ 60இலோ அசையாமல் நின்றால் அவசரப்படக் கூடாது. மாற்றும் கருவியின் ஹம்மும் அப்படித்தான் நிற்கும், அது தட்டின் வேகத்தைப் பற்றி எதுவும் சொல்லாது. தட்டு தொடங்குவதற்கு முன், ஊசி வைக்காத நொடியிலும் அந்தக் கோடு இருந்தால் அது கருவியுடையது. ஒரு சதவீதத்துக்குள் வரும் வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம், அந்தக் காலத்து மின்சாரம் நூல் பிடித்ததுபோல் 50இல் நின்றிருக்கும் என்று நம்ப முடியாது.

கீறலும் துப்புக் கொடுக்கும். ஒரே கீறல் எத்தனை நொடிக்கு ஒருமுறை திரும்ப வருகிறது என்று அளந்து பாருங்கள். 78 தட்டில் 0.77 நொடி, 45இல் 1.33, 33⅓இல் 1.8. 'அசல் 78' என்று போட்ட கோப்பில் 1.8 நொடிக்கு ஒருமுறை டிக் வந்தால், பிற்கால எல்பி மறுவெளியீட்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள். முதல் கார்டுக்கு முன்னால் அதன் நிழல்போல மெலிதாக ஒரு முன்னொலி கேட்பதும் உண்டு. அது சரியாக 1.8 நொடி முன்னால் இருந்தால் எல்பியின் பக்கத்துப் பள்ளம் கசிந்தது. வேறு இடைவெளியில் இருந்தால் காந்தநாடாவில் அடுக்குக்கு அடுக்கு ஒலி ஒட்டியதாக இருக்கலாம். கடைசியில் இழுத்து நிறுத்தும் கார்டு ஏறி இறங்கி ஆடினால் தட்டின் துளை மையத்தில் இல்லை. ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தாலே உள்வட்டத்தில் சுருதி இரண்டு சதவீதம் மேலும் கீழும் போகும். துளையைச் சற்று அகலப்படுத்தி மையம் பார்த்து ஓட்டியிருந்தால் சரியாகியிருக்கும்; சோம்பல்தான்.

இரைச்சல் நீக்கிய கோப்புகளைச் சோதிக்க இந்தக் கீதத்தின் முதல் இரண்டு சொற்களே போதும்: 'சயூஸ் நெருஷீமி'. 'ஸ்' ஒலியின் வலிமை பெரும்பாலும் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, 'ஷ்' ஒலியினுடையது அதற்குக் கீழே. 'ஷீ' தெளிவாகக் கேட்டு, முதல் சொல் மட்டும் 'அயூ' என்று பல்லில்லாமல் ஒலித்தால் மேல்பகுதியை அறுத்துவிட்டார்கள். இரைச்சலோடு உயிரும் போயிற்று. இன்னொரு அடையாளம், சொல் முடிந்த இடைவெளிகளில் தண்ணீருக்கடியில் மணி சிணுங்குவதுபோல ஒரு சத்தம். மென்பொருள் வரம்பு மீறியதன் சுவடு அது. இரைச்சல் 6 முதல் 8 டெசிபல் வரை குறைந்து, அடியில் சீராக ஓடிக்கொண்டிருக்கும் பதிவே கேட்க இதமானது. காது அரை நிமிடத்தில் அந்த இரைச்சலை மறந்துவிடும். சிணுங்கலை மறக்காது.

'1944 ஸ்டீரியோ' என்று விற்பதை ஒதுக்கிவிடலாம். அந்தத் தட்டு மோனோ, ஒற்றைச் சேனல். கோப்பின் இடது, வலது சேனல்களில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துப் பாருங்கள். மோனோத் தட்டை ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் (ஊசி பொருத்திய தலை) ஒழுங்காக எடுத்திருந்தால் இசை மறைந்து, கடகடப்பும் கீறலும் மட்டும் மிஞ்சும். அப்படிப்பட்ட கோப்பில் இரண்டு சேனலையும் கூட்டினாலே இரைச்சல் கணிசமாகக் குறையும், மென்பொருள் தேவையில்லை. கழித்தபின்னும் கோரஸ் எங்கோ குகைக்குள் பாடிக்கொண்டிருந்தால் தாமதமும் எதிரொலியும் சேர்த்த போலி ஸ்டீரியோ. அதைத் திரும்ப மோனோவாக்கினாலும் சுத்தமாகாது.

சொல்லில்லாத காலத்துப் பதிவுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பல்லவி சோதனை இங்கே பலிக்காது, லேபிள்தான் துணை. சோவியத் லேபிளில் 'கோஸ்த் 5289' என்று அரசின் தர எண்ணும், கோடு போட்டு 61, 68, 73, 80 என்று தரம் வெளியான ஆண்டும் இருக்கும். 73 என்றிருந்தால் தட்டு அச்சானது 1973க்கு முன்னால் அல்ல. பதிவு எவ்வளவு பழையதாகவும் இருக்கலாம். அரசு இசைத்தட்டு நிறுவனமான 'மெலோதியா'வின் பெயர் 1964க்குப் பிறகுதான். வாத்தியக் குழுப் பதிவுகளில் ராணுவப் பித்தளை பேண்டைவிட சிம்பனி ஆர்க்கெஸ்ட்ரா பதிவுகளே மேல். பேண்டில் நடுவரிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்கின்றன, மோனோவில் இன்னும் மோசம்.

1977 சொற்களோடு வந்த ஸ்டீரியோ பதிவுகள்தான் ஒலித்தரத்தில் முதலிடம். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள நினைப்பவர் கலப்புக் குழுவும் முழு ஆர்க்கெஸ்ட்ராவும் உள்ள ஒரு 1977 பதிவை எடுத்துக்கொள்ளலாம். கோரஸ் பின்னால் அகலமாக விரிய, பித்தளை முன்னால் வராமல் ஒரு பக்கமாக நிற்க வேண்டும். இங்கே பார்க்க வேண்டிய குறை வேறு: ஒலியளவை இறுக்குவது, அதாவது மெல்லிய ஒலியையும் உரத்த ஒலியையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவது. சரணத்துக்கும் பல்லவிக்கும் நடுவே ஒரு படி ஏற வேண்டும். அலைவடிவம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே செங்கல்லாகத் தெரிந்தால், 'ஸ்லாவ்ஸ்யா' வரும்போது உடம்பு சிலிர்க்காது. ஏற இடமே இல்லை. அலைமாலை 16,000 ஹெர்ட்ஸில் சுவர் எழுப்பியதுபோல் நின்றால், கோப்பு எந்த வடிவத்தில் இருந்தாலும் அதன் மூலம் பெரும்பாலும் 128 கேபிபிஎஸ் எம்பி3தான். 'இழப்பில்லா' வடிவத்தில் திரும்பப் பொதிந்து கொடுத்திருக்கிறார்கள், இடம்தான் வீண்.

செய்திப்படங்களிலும் தொலைக்காட்சியிலும் இருந்து எடுத்த துண்டுகள் காட்சிக்கு நல்லவை, காதுக்கு அல்ல. நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்) ஓடும் திரைப்படத்தை 25 சட்டத் தொலைக்காட்சிக்கு மாற்றும்போது ஒலியும் 4 சதவீதம் வேகமெடுக்கும். சுருதி அரைச்சுரத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஏறியிருக்கும். இந்தக் குறை ஒன்றுதான் என்றால் திருத்துவது எளிது: சுருதியையும் வேகத்தையும் சேர்த்தே 4 சதவீதம் இறக்குங்கள், சுருதியை மட்டும் இறக்கும் கருவியைத் தொடாதீர்கள். விளையாட்டுப் போட்டிப் பதக்க விழாக்களில் வருவது பெரும்பாலும் சுருக்கிய வடிவம், மேலே பார்வையாளர் சத்தம். சேகரிப்பில் வைக்க லாயக்கில்லை.

அமெரிக்கப் பாடகர் பால் ராப்சன் ஆங்கிலத்தில் பாடிய போர்க்காலப் பதிவு தனி ரகம். ஒற்றைக் குரல் முன்னால் நிற்பதால் அரக்குத் தட்டின் குறுகிய எல்லைக்குள் அது கோரஸைவிட நன்றாக அடங்குகிறது. மோசமான மாற்றத்தில்கூட சொல் புரியும். ஆனால் வேகப் பிழையை உடனே காட்டிக்கொடுப்பதும் அந்தக் குரல்தான், அவருடைய பாஸ், அதைவிட உயர்ந்த லேசான பாரிட்டோனாகக் கேட்டால் கோப்பை மாற்றுங்கள்.

தட்டையே வாங்குகிறவர்கள் விளக்கைச் சாய்வாகப் பிடித்து, லேபிளை ஒட்டிய கடைசி ஒன்றரை சென்டிமீட்டரைப் பாருங்கள். சாம்பல் பூத்திருந்தால் கடைசிப் பல்லவி போய்விட்டது, வெளிப்பகுதி எவ்வளவு கருத்து மினுங்கினாலும் சரி. விளிம்பிலிருந்து மயிரிழை விரிசல் இருந்தால் ஓடும், டிக்கென்று கேட்கும், நீக்கிவிடலாம். அரக்குத் தட்டை ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைக்கக் கூடாது, அரக்கு கரையும். சோப்புக் கரைசல் ஒரு துளி விட்ட காய்ச்சி வடித்த நீர் போதும்; லேபிள் நனையாமல், பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, நிமிர்த்தி வைத்து உலரவிடுங்கள்.